மண்ணின் பதம் பார்த்து ஓட்டுகிறவர்கள்

"வட்டமடித்து வட்டமடித்து இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?" அமெரிக்காவின் மண் தடக் கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகச் சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமான கார்ப் பந்தயமெல்லாம் தார் மேல் நடப்பது. ஃபார்முலா ஒன் ஆகட்டும், கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகட்டும், தடம் பெரிதாக மாறாது. வெயிலில் சூடேறும், டயர் ரப்பர் கொஞ்சம் படியும், மழை வந்தால் வழுக்கும். மற்றபடி காலையில் இருந்த தார்தான் மாலையிலும். அதனால் அங்கே பேச்செல்லாம் காரைப் பற்றியும் ஓட்டுநரைப் பற்றியும்தான். மண் தடத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: தரை. சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்த தரை எட்டு மணிக்கு இருக்காது, எட்டு மணிக்கு இருந்தது பத்து மணிக்கு இருக்காது. அந்த மாற்றத்தை யார் முதலில் கண்டுகொள்கிறாரோ அவர் முன்னால் போகிறார். மோட்டார் பந்தயத்தில் மனிதக் கண்ணுக்கும் உடம்புக்கும் இவ்வளவு வேலை வைக்கிற வகை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேசினால் எளிது. அயோவா மாநிலத்தில் நாக்ஸ்வில் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏழாயிரத்து ஐந்நூறைச் சுற்றித்தான். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். அந்த மாவட்டத்தின் (அங்கே கவுண்டி என்பார்கள்) விவசாயக் கண்காட்சித் திடலுக்குள் ஒரு அரை மைல் தடம், அதாவது சுற்றுக்கு சுமார் 800 மீட்டர். மண் கறுத்த, பிசுபிசுப்பான களி. கோடைக்காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் பந்தயம். ஆகஸ்டில் மட்டும் நான்கு இரவுகள் தொடர்ந்து நடக்கும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ். 1961இல் தொடங்கிய அந்தப் போட்டிதான் ஸ்பிரின்ட் கார் உலகின் மிகப் பெரிய பரிசு. ஸ்பிரின்ட் கார்களுக்கான தேசிய அருங்காட்சியகமும் தடத்தின் இரண்டாவது வளைவுக்கு வெளியே அங்கேயே நிற்கிறது.

கண்காட்சித் திடலில் பந்தயத் தடம் ஏன்? அந்தத் தடங்கள் முதலில் குதிரைகளுக்காகப் போடப்பட்டவை. அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஆண்டுக்கு ஒரு முறை விவசாயக் கண்காட்சி கூடும்போது வண்டி பூட்டிய குதிரைகளின் ஓட்டம் முக்கியமான பொழுதுபோக்கு. அதற்காக அரை மைல், ஒரு மைல் என்று நீள்வட்ட மண் தடங்கள் ஏற்கெனவே இருந்தன. கார் வந்ததும் அதே தடத்தில் அதையும் ஓட்டிப் பார்த்தார்கள். மில்வாக்கி நகரை ஒட்டிய கண்காட்சித் திடலில் 1903இலேயே கார் ஓடியது. அந்த ஒரு மைல் தடத்துக்குத் தார் போட்டது 1954இல்தான். குதிரைகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடின, கார்களும் அப்படியே ஓடின. இடது பக்கமே திரும்புவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இப்போது அந்த ஸ்பிரின்ட் காருக்கு வருவோம். ஓட்டுநரையும் சேர்த்து எடை சுமார் 640 கிலோ. எஞ்சின் 410 கன அங்குலம், நம் கணக்கில் 6.7 லிட்டர். சக்தி சுமார் 900 குதிரைத்திறன். ஃபார்முலா ஒன் காரே ஓட்டுநரோடு 800 கிலோ அளவில் இருக்கிறது என்றால், இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று புரியும். எரிபொருள் மெத்தனால். கியர் பெட்டி கிடையாது, கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட் செய்ய மோட்டாரும் கிடையாது. எடையைக் குறைக்கத் தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டார்கள். காரைக் கிளப்ப வேண்டுமானால் ஒரு பிக்கப் வண்டி பின்னாலிருந்து முட்டித் தள்ளும். சக்கரம் உருள, எஞ்சின் சுழல, ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று ஓட்டுநர் மீட்டரைப் பார்ப்பார். ஏறியதும் சுவிட்சைப் போடுவார். ஒரு உறுமலோடு வண்டி தானே பாய்ந்துவிடும். பந்தயத்தின் நடுவில் கார் சுழன்று நின்றுபோனால், மறுபடி தள்ளுவண்டி வந்தாக வேண்டும்.

பின்சக்கரங்களைப் பாருங்கள். வலது பக்க டயர் பெரிது, இடது பக்க டயர் சிறிது. சுற்றளவில் பத்து அங்குலம் வரை, சில நேரம் அதற்கு மேலும் வித்தியாசம் இருக்கும். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியவை. நம் கார்களில் வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற வழிசெய்யும் டிஃபரன்ஷியல் இங்கே இல்லை. ஆக, பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் சுற்றியாக வேண்டும். விளைவு என்ன தெரியுமா? கையில் இருக்கும் பேப்பர் கப்பை மேசை மேல் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, வாய் அகன்ற பக்கம் வெளியே இருக்க வட்டம் போடும். ஸ்பிரின்ட் காரும் அப்படித்தான். ஓட்டுநர் ஒன்றும் செய்யாவிட்டாலும் வண்டி இடது பக்கம் போகவே விரும்பும். இந்த அளவு வித்தியாசத்துக்கு ஸ்டாகர் என்று பெயர். எந்த இரவுக்கு எவ்வளவு ஸ்டாகர் என்பதுதான் மெக்கானிக்குகள் மாலை முழுக்கப் பேசும் பேச்சு.

அப்படியானால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்திருப்பது ஏன்? படம் பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள்: கார் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், முன்சக்கரங்கள் வலது பக்கம் நோக்கியிருக்கும். இங்கேதான் மண் ஓட்டத்தின் அடிப்படை இருக்கிறது. தாரில் திரும்பும்போது வண்டியை உள்ளே இழுப்பது டயரின் பிடி. மண்ணில் அந்த அளவுக்குப் பிடி கிடைக்காது. அதனால் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வண்டியைப் பக்கவாட்டில் எறிகிறார். வண்டி குறுக்காகச் சறுக்கும்போது வேகம் தானாகக் குறைகிறது, பிரேக்கை அதிகம் நம்ப வேண்டியதில்லை. வண்டியின் மூக்கு இப்போது தடத்தின் உட்புறத்தைப் பார்க்கிறது. அந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினின் தள்ளுவிசை எங்கே போகும்? ஒரு பகுதி முன்னால், ஒரு பகுதி வட்டத்தின் மையத்தை நோக்கி. டயரின் பிடி செய்ய மறுத்த வேலையை எஞ்சின் செய்கிறது. முன்சக்கரம் வலது பக்கம் திரும்பியிருப்பது வண்டி மேலும் சுழன்றுவிடாமல் காக்க மட்டுமே. சொல்லப்போனால் வளைவில் வண்டியைத் திருப்புவது வலது பாதம், ஸ்டியரிங் அல்ல. இது புரிந்துவிட்டால் பந்தயம் முழுவதும் வேறாகத் தெரியும்.

காரின் தலைமேல் இருக்கும் பெரிய தகடு இறக்கை. பரப்பு 25 சதுர அடி. காற்று அதை அழுத்த, டயர் மண்ணில் பதியும். இரு பக்கமும் நிற்கும் பலகைகளும் சும்மா இல்லை. வண்டி குறுக்காகச் சறுக்கும்போது காற்று அவற்றின் மேல் மோதி வண்டியை உட்பக்கமாகத் தள்ளுகிறது. ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு லீவரால் மேல் இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். தரை ஈரமாக இருக்கும்போது ஓரிடத்தில் வைப்பார்கள், காய்ந்து வழுக்கத் தொடங்கியதும் பின்சக்கரத்துக்கு அழுத்தம் கூட்டப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். வண்டி உருண்டால் முதல் அடியை வாங்கி நொறுங்குவதும் இறக்கைதான். பல உயிர்கள் அதனால் பிழைத்திருக்கின்றன.

இனி தரை. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

பந்தய நாளில் முதலில் வேலைக்கு வருவது டிராக்டர். சட்டிக் கலப்பையால் மேல் மண்ணைக் கிளறுகிறார்கள், லாரி லாரியாகத் தண்ணீர் விடுகிறார்கள், கிரேடரால் மட்டம் செய்கிறார்கள், ரோலரால் இறுக்குகிறார்கள். ஈரம் சீக்கிரம் ஓடிவிடாமல் இருக்கச் சில தடங்களில் கால்சியம் குளோரைடு போன்ற உப்பைத் தூவுவதும் உண்டு. களிமண்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் ஈரம். களியின் துகள்கள் மிக நுண்ணியவை, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்தினால் ஒன்றோடொன்று இறுகும். மணல் மிகுந்தால் தடம் உதிர்ந்துபோகும். தண்ணீர் கூடினால் சேறு, குறைந்தால் புழுதி. எவ்வளவு விடலாம் என்பது அன்றைய வெயிலையும் காற்றையும் மேகத்தையும் பார்த்து அந்தத் தடத்து ஆள் எடுக்கும் முடிவு. அவர் பெயரைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. அன்றைய பந்தயம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அவர் கையில்தான்.

மாலையில் பந்தயக் கார்களே மெதுவாகச் சுற்றிவந்து ஈர மண்ணைச் சக்கரத்தால் அமுக்கிக் கொடுக்கும். பிறகு சோதனைச் சுற்றுகள். அப்போது தரை கறுத்து, ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்கும். டயர் கவ்விப் பிடிக்கும், கார்கள் முழு வேகத்தில் ஓடும். நல்ல ஈரத்தில் நாக்ஸ்வில்லின் அரை மைலை 15 விநாடிக்குள் முடித்துவிடுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல். டயர் பிய்த்தெடுக்கும் மண் கட்டிகட்டியாகப் பறக்கும், வளைவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் சட்டையிலும் பாப்கார்னிலும் விழும்.

பின்னால் வரும் ஓட்டுநரின் முகத்தில் என்ன விழும் என்று யோசியுங்கள். இந்தக் காருக்கு முன்கண்ணாடி இல்லை, கம்பி வலை மட்டும்தான். ஹெல்மெட்டின் முகமூடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருவார்கள். டியர்-ஆஃப் என்று பெயர். சேறு மூடியதும் நேர்த்தடத்தில் இடது கையை ஒரு கணம் விடுவித்து மேல் தாளைக் கிழித்து எறிவார்கள். அடுத்த வளைவு வர மூன்று விநாடிகூட இருக்காது. தாள்கள் மொத்தம் எத்தனை என்பது கணக்கு. ஆரம்பத்திலேயே வீணாக்கியவர் கடைசிச் சுற்றுகளில் சேற்றினூடே குத்துமதிப்பாக ஓட்ட வேண்டியதுதான்.

ஓட்டம் நடக்க நடக்க ஈரம் போகிறது. கார்கள் அதிகம் ஓடும் உள்வழி முதலில் காய்ந்து, டயர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாகிறது. பிடி போய்விடும், முழு வேகம் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். அதே நேரம், கிளம்பிய உதிரி மண் முழுவதும் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்கி அங்கே ஒரு வரப்பாகச் சேர்கிறது. குஷன் என்பது அதுதான். அதில் இன்னும் ஈரம் இருக்கும். துணிச்சல்காரர்கள் வலது பின்சக்கரத்தை அந்த வரப்பின் மேல் சாய்த்து, அதையே பிடிமானமாக வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டலாம். வரப்பைத் தாண்டி ஒரு சாண் ஏறிவிட்டால் சுவர். அல்லது சக்கரம் மண்ணில் மாட்டி வண்டி கரணம் போடும். சுற்றுக்குச் சுற்று அந்த வரப்பு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமையும் அழகும். போன சுற்றில் இருந்த இடத்தில் இந்தச் சுற்றில் இருக்காது.

எந்த டயர், அதில் எவ்வளவு பள்ளம் வெட்டுவது, எப்போது உள்வழியை விட்டு மேலேறுவது என்று எல்லா முடிவும் தரை காய்வதைப் பொறுத்தது. இரவின் கடைசியில் இன்னொன்றும் நேரலாம். காய்ந்த தரையில் டயர் ரப்பர் ஒரு குறுகிய கோடாகப் படிந்து, அந்தக் கோட்டில் மட்டும் தாரைப் போலப் பிடி கிடைக்கும். பிறகு எல்லாரும் அந்த ஒரே கோட்டில் வரிசையாகப் போவார்கள். முந்துவது ஏறக்குறைய முடியாது, டயரும் சீக்கிரம் தேய்ந்துபோகும். தடத்து ஆட்கள் இதைத்தான் அதிகம் அஞ்சுவார்கள்.

மண்ணை அறியாமல் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஒரு பாடம் காட்டியது. அமெரிக்காவின் மிகப் பெரிய கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார், தன் தலையாய தொடரின் ஒரு பந்தயத்தை 1970க்குப் பிறகு முதல்முறையாக மண்ணில் நடத்த முடிவு செய்தது. டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் கான்கிரீட் தடத்தின் மேல் லாரிகளில் களிமண் கொண்டுவந்து கொட்டினார்கள். தரையை ஈரமாக வைத்தபோது, முன்கண்ணாடி உள்ள வண்டிகளின் கண்ணாடியைச் சேறு ஒன்றிரண்டு சுற்றிலேயே மூடிவிட்டது. பிறகு மழை கொட்டிப் பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பகல் வெயிலில் ஓட்டியபோது தரை காய்ந்து, முன்னால் போகும் வண்டியே தெரியாத அளவுக்குப் புழுதி. இடையில் நிறுத்தித் தொடங்கும்போது இரண்டிரண்டாக நிற்பதைக் கைவிட்டு ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். ஜோய் லொகானோ ஜெயித்தார். அடுத்த இரண்டு ஆண்டும் மண் பந்தயத்தை இரவுக்கு மாற்றி நடத்திவிட்டு, 2024இல் கான்கிரீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். நாக்ஸ்வில்காரர்கள் இருட்டிய பிறகு ஓட்டுவதும் கண்ணாடி இல்லாத காரில் ஓட்டுவதும் பழக்க தோஷம் அல்ல, மண் கேட்கிற ஏற்பாடு.

முந்துவதில் ஒரு வகையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைட் ஜாப். முன்னால் போகிறவர் மேலே குஷனில் ஓடிக்கொண்டிருக்கிறார். பின்னால் வருகிறவர் வளைவுக்குள் மிக வேகமாக, உட்பக்கமாக நுழைகிறார். அந்த வேகத்தில் உள்வழியில் நிற்க முடியாது, வண்டி மேல்நோக்கிச் சறுக்கும். அந்தச் சறுக்கலையே பயன்படுத்தி எதிராளியின் மூக்குக்கு முன்னால் போய்ச் சுவரோரம் நின்றுவிட வேண்டும். ஒரு முழம் தவறினால் இரண்டு பேரும் சுவரில். முந்தப்பட்டவர் சும்மா இருப்பாரா? அவர் சட்டென வேகம் குறைத்து, மேலே போன வண்டியின் அடியில் குறுக்கே வெட்டி, வளைவு முடியும் இடத்தில் மறுபடி முன்னால் வந்துவிடுவார். நல்ல இரவில் இருவர் இப்படிச் சுற்றுக்கு இரண்டு முறை இடம் மாறிக்கொண்டே போவார்கள். முழு இடம் விட்டுச் சறுக்குகிறவரைக் கூட்டம் மதிக்கும். எதிராளியின் முன்சக்கரத்தில் இடித்து இடம் பிடிக்கிறவரைப் பற்றி வாகன நிறுத்தத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதில் யார் பெரியவர் என்று கேட்டால் பழைய ரசிகர்கள் தயங்காமல் சொல்வது ஸ்டீவ் கின்சர். இண்டியானாக்காரர். ஊர் ஊராகச் சுற்றி நடக்கும் வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடரை 1978இல் டெட் ஜான்சன் தொடங்கினார். அந்தத் தொடரில் கின்சர் 20 முறை சாம்பியன். நாக்ஸ்வில் நேஷனல்ஸை 12 முறை வென்றார். அவருக்குப் பின் வடக்கு டகோட்டாவின் டானி ஷாட்ஸ் 11 முறை. இப்போதைய தலைமுறையில் கைல் லார்சன் மண்ணிலும் தாரிலும் ஒரே சமயத்தில் ஆள்பவர். 2021இல் நாக்ஸ்வில்லையும் ஜெயித்தார், அதே ஆண்டு நாஸ்கார் பட்டத்தையும் எடுத்தார். வழுக்கும் தரையில் வண்டியைக் காலால் ஆளப் பழகியவருக்குத் தாரில் கார் கைமீறும் கணம் புதிதல்ல என்பதை அவர் ஓட்டத்தில் பார்க்கலாம்.

ஒஹையோவின் எல்டோராவையும் விட்டுவிட முடியாது. ரோஸ்பர்க் என்ற சிற்றூருக்கு அருகே, நடன அரங்கம் நடத்திவந்த இசைக்குழுக்காரர் எர்ல் பால்டஸ் 1954இல் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மண் தடம் போட்டார். இன்று அது அரை மைல், வளைவுகள் செங்குத்தாகச் சாய்ந்தவை. 2004இல் பந்தய வீரர் டோனி ஸ்டூவர்ட் அதை வாங்கினார். 2023இல் அங்கே ஒரே ஸ்பிரின்ட் கார் பந்தயத்துக்கு முதல் பரிசு பத்து லட்சம் டாலருக்கு மேல். லோகன் ஷுஹார்ட் ஜெயித்தார்.

ஆபத்தைச் சொல்லாமல் இதைப் பேசுவது நேர்மையாகாது. 1966 என்ற ஒரே ஆண்டில், ஜூனில் பென்சில்வேனியாவின் ரெடிங் தடத்தில் ஜட் லார்சனும் ரெட் ரீகலும் ஒரே விபத்தில் இறந்தார்கள். நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஆஸ்காட் தடத்தில் டான் பிரான்சனும் டிக் ஆட்கின்ஸும் அதேபோல. அப்போது தலைக்கு மேல் இரும்புக் கூண்டு வழக்கத்தில் இல்லை. கூண்டு கட்டினால் கோழைத்தனம் என்று நினைத்த காலம். எத்தனை பேர் போன பிறகு அது மாறியது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. கூண்டு வந்த பிறகும் சாவு முற்றிலும் நிற்கவில்லை. 2016இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் சில சுற்றுகள் முன்னிலை வகித்த பிரையன் கிளாசன், அதே ஆண்டு ஆகஸ்டில் கான்சாஸின் பெல்வில் மண் தடத்தில் அடிபட்டு 27 வயதில் இறந்தார். உறுப்பு தானத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார். அவருடைய உறுப்புகள் ஐந்து பேரைக் காப்பாற்றின. அதன் பிறகு அந்தப் பந்தய உலகத்தில் உறுப்பு தானத்துக்குப் பதிவது ஓர் இயக்கமாகவே ஆனது.

பார்க்கத் தோன்றினால் நேஷனல்ஸ் பந்தய வீடியோக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. முதலில் ஆரம்பச் சுற்றுப் போட்டி ஒன்றையும், பிறகு அதே இரவின் இறுதிப் போட்டியையும் பாருங்கள். முன்னால் போகும் காரை விட்டுவிட்டுத் தரையின் நிறத்தைக் கவனியுங்கள்: கறுப்பு எங்கே இருக்கிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது, எங்கே பளபளக்கிறது. ஐந்தாறு சுற்றுகளுக்குப் பிறகு யார் முதலில் கீழ்வழியை விட்டு மேலே ஏறிப் பார்க்கிறார் என்று பாருங்கள். அவர் எட்டாவது இடத்தில் இருந்தாலும் அவர்மேலேயே கண்ணை வையுங்கள்.